கடவுச்சீட்டு கேட்காத எல்லை: ஜனக்பூரில் எங்கள் பத்து ஆண்டுகள்

2013ஆம் ஆண்டு ஜூலை மாதம், பீகாரின் மதுபனி மாவட்டத்திலுள்ள ஜெயநகரில், நான்கு வயது மகனையும் மூன்று டிரங்குப் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் குறுகிய பாதை ரயிலுக்காகக் காத்திருந்தோம். 1937இல், ராணாக்கள் நேபாளத்தை ஆண்ட காலத்தில் ஓடத் தொடங்கிய ரயில் அது. நாங்கள் ஏறிய அன்று பெட்டிக்குள் இருந்த கூட்டத்துக்கு ஈடான கூட்டம் கூரையின்மேல் இருந்தது. நேபாளத்திலுள்ள ஜனக்பூர் வரையிலான 29 கிலோமீட்டர் தூரத்தை அது மெல்ல ஊர்ந்து கடந்தது. வழியில் எந்த இடத்தில் இந்தியா முடிந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. யாரும் எங்களிடம் ஒரு காகிதத்தையும் கேட்கவில்லை. 1950ஆம் ஆண்டின் இந்திய நேபாள நட்புறவு ஒப்பந்தத்தின்படி இரு நாட்டுக் குடிமக்களும் விசா இல்லாமல் சென்று வரலாம், தங்கலாம், தொழில் செய்யலாம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த எளிமைதான் எங்களை ஏமாற்றியது. ஆப்பிரிக்காவுக்கோ கம்போடியாவுக்கோ புறப்படும் மிஷனரிக் குடும்பம் கடவுச்சீட்டு, தடுப்பூசி, பிள்ளைகளின் சான்றிதழ், அவசரத்துக்கு ஊர் திரும்பும் வழி என்று ஓராண்டாவது ஆயத்தம் செய்யும். நாங்கள் நாக்பூருக்கு மாற்றலாகிப் போகிறவர்களைப் போலப் பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டோம். வந்து சேர்ந்த பிறகு பத்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, இப்போது இதே வழியில் புறப்பட ஆயத்தமாகும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

என் கணவர் வேலூருக்கு அருகே கரிகிரியில் பயிற்சி பெற்ற காலணித் தொழில்நுட்பர். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்குச் செருப்பு தைப்பது அவருடைய தொழில். கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனால் செத்துப்போன நரம்புக்கு அது உயிர் கொடுக்காது. முள் குத்தினாலும் நெருப்புச் சுட்டாலும் தெரியாத அந்தப் பாதத்தை வாழ்நாள் முழுவதும் காப்பது மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் தளம் வைத்த செருப்பும், நாள்தோறும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைத் தேய்த்து, எண்ணெய் பூசும் பழக்கமும்தான். நான் செவிலியர். நேபாளத் தராய் சமவெளியில் தொழுநோய் அதிகம் என்றும், எல்லையின் இருபுறத்திலிருந்தும் நோயாளிகள் வருகிற ஒரு மிஷன் மருத்துவமனைக்குச் செருப்புப் பட்டறையை நடத்த ஆள் தேவை என்றும் கேள்விப்பட்டபோது, நாங்கள் இருவரும் ஒரே இரவில் தீர்மானித்துவிட்டோம்.

எங்கள் ஊர்ச் சபைகளுக்கு எல்லை தாண்டும் ஊழியம் புதிதல்ல. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டு, அதன் முதல் பணித்தளமாக நைசாம் ஆட்சியில் இருந்த டோர்ணக்கல் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அங்கே சென்றவர்களுக்கும் வேறொரு அரசு, வேறொரு மொழி, வேறொரு சட்டம் இருந்தன. சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் அந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர்கள் தெலுங்கு படிக்க எவ்வளவு காலம் செலவிட்டார்கள் என்ற பகுதியை மட்டும் நான் கவனமாகக் கேட்கவில்லை போலும்.

மொழியில்தான் எங்கள் முதல் தவறு நேர்ந்தது. நேபாளம் என்றால் நேபாளி மொழி என்று எண்ணி, புறப்படுவதற்கு முன்பும் வந்த பின்பும் சேர்த்து எட்டு மாதங்கள் நேபாளி கற்றேன். முதன்முதலாக ஒரு கிராமத்துக்குச் சென்று, புண் கட்டிய காலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம் நான் இலக்கணப் பிழையில்லாத நேபாளியில் பேசத் தொடங்கியதும், அவர் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அரசு அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாக அவர் நினைத்ததாக மருமகள் பிறகு சொன்னார். ஜனக்பூர் அடங்கிய தனுஷா மாவட்டத்துக் கிராமங்களில் வீட்டுமொழி மைதிலி. நேபாளி என்பது காவல் நிலையத்திலும் நிலப்பதிவு அலுவலகத்திலும் கேட்கும் குரல். எல்லைக்கு அந்தப்புறம் தர்பங்காவிலும் மதுபனியிலும் பேசுவதும் இதே மைதிலிதான். நாட்டின் பெயரைப் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் வாழப்போகும் தெருவில் ஒரு தாய் தன் குழந்தையை எந்த மொழியில் அதட்டுகிறாள் என்று விசாரித்து அந்த மொழியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

மைதிலியை நான் குளத்தங்கரையில் கற்றேன். மிதிலைக்குக் குளங்களே அழகு. துணி துவைப்பதும் மீன் வாங்குவதும் வழக்குப் பேசுவதும் அங்கேதான். 'தோ' என்பது நெருக்கத்தில் சொல்லும் நீ, 'அஹாம்' என்பது மரியாதைக்குரிய நீங்கள், அதற்கும் மேலே 'அப்னே' என்று ஒன்று. அதோடு முடியவில்லை. செயலைச் செய்கிறவருக்கு உரிய மரியாதையை மட்டுமன்றி, அந்தச் செயல் யாரைச் சென்றடைகிறதோ அவருக்கு உரிய மரியாதையையும் அந்த மொழியின் வினைச்சொல் தாங்கி நிற்கும். 'நான் அவரைப் பார்த்தேன்' என்று சொன்னாலே அவரை நான் எப்படி மதிக்கிறேன் என்பது வெளிப்பட்டுவிடும். பிள்ளைகள் தங்கள் தாயை உரிமையோடு 'தோ' என்று அழைப்பதைக் கேட்டுப் பழகி, அதே சொல்லால் ஒரு முதிய பெண்மணியை நான் அழைத்துவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. எனக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். இருபது ஆண்டுகளாக ஊரார் தொட மறுத்த ஒருவரைத் தொட்டுப் புண்ணைக் கழுவிய நானே அவரை நீ என்று அழைத்தேன் என்பது புரிந்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. அதன்பிறகு ஓராண்டு வரை, தொழுநோயாளிகள் எல்லாரையும், சிறுவர்களைக்கூட, 'அஹாம்' என்றே அழைத்தேன். சிறுவர்கள் சிரித்தார்கள், பெரியவர்கள் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார்கள்.

என் நெற்றியும் கைகளும் என்ன பேசுகின்றன என்பதை நான் அறியாமலேயே இருந்தேன். திருநெல்வேலிப் புராட்டஸ்டண்டுக் குடும்பங்களில் வளர்ந்த பெண்கள் பொட்டு வைப்பதில்லை. தாலிச் சங்கிலியே திருமணத்துக்கு அடையாளம். மைதிலிப் பெண்களுக்கோ வகிட்டுச் சிந்தூரமும் கைநிறைய அரக்கு வளையலும் இல்லாத பெண் கைம்பெண். குளத்தங்கரையில் என்மீது அவர்கள் காட்டிய கூடுதல் அன்பு எனக்குப் புரியாமலே இருந்தது. ஒருநாள் என் கணவர் சைக்கிளில் வந்து என்னை அழைத்துச் சென்றதைப் பார்த்த பிறகு அவர்கள் குழம்பிப்போய் நேரடியாகக் கேட்டுவிட்டார்கள். சிந்தூரம் வைக்க என் மனச்சாட்சி இடம் தரவில்லை. வளையல் அணிவதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. அன்று மாலையே கடைத்தெருவில் இரண்டு டஜன் அரக்கு வளையல் வாங்கி அணிந்தேன். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட முடியாது என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஜெபத்தோடு தானே தீர்மானிக்க வேண்டும்; ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதையாவது முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் பெற்ற செவிலியர் பதிவு நேபாளத்தில் செல்லாது. அந்நாட்டு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்யாமல் அங்கே செவிலியராகப் பணியாற்ற முடியாது. இதையும் நான் வந்த பிறகே அறிந்தேன். பதிவு கிடைக்கும்வரை எனக்கு மருத்துவமனையில் வேலை இல்லை. அந்த மாதங்களை வீணான காலம் என்று எண்ணி அழுதிருக்கிறேன். ஆனால் கிராமத்துப் பெண்களோடு அமர்ந்து பாதப் பராமரிப்புக் குழுக்களைத் தொடங்கியது அந்த மாதங்களில்தான், பத்து ஆண்டுகளில் நான் செய்த வேலைகளில் நிலைத்தது அதுதான். இருந்தாலும் உங்கள் பதிவு ஆவணங்களைப் புறப்படும் முன்பே விசாரித்துத் தயார் செய்துகொள்ளுங்கள்.

என் கணவர் பட்டறையில் கற்ற பாடம் வேறு. கரிகிரியில் கற்றபடி, ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் நல்ல செருப்புகள் செய்தார். உணர்வற்ற பாதத்தில் ஆணி ஏறினால் தெரியாது என்பதால் அது கண்டிப்பான விதி. நோயாளிகள் அவற்றைப் பெற்றுக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள், ஊர் எல்லைக்கு வந்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். அந்தச் செருப்பைப் பார்த்தாலே இன்ன நோய் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அவர் ஜனக்பூர்ச் சந்தைக்குச் சென்று, அந்தப் பருவத்தில் மக்கள் விரும்பி வாங்கும் செருப்புகளின் வார், நிறம், பூ வேலை எல்லாவற்றையும் வரைந்துகொண்டு வந்து, மேலே சந்தைச் செருப்பும் உள்ளே எம்.சி.ஆர். தளமுமாகச் செய்யத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் புண்ணோடு திரும்பி வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம்.

எல்லையை வேறு விதமாகப் புரிந்துகொள்ளவும் நோயாளிகளே கற்றுத் தந்தார்கள். பீகாரிலிருந்து பலர் எங்களிடம் வந்ததற்குக் காரணம், சிகிச்சை அங்கே கிடைக்கவில்லை என்பதல்ல. கூட்டு மருந்து இருநாட்டிலும் இலவசம். தங்கள் ஊர்க்காரர் யாரும் பார்த்துவிடாத இடம் வேண்டும் என்பதே காரணம். இங்கிருந்தும் சிலர் அதே காரணத்துக்காக அந்தப்புறம் போனார்கள். அவர்களுக்கு அந்த எல்லை ஒளிந்துகொள்ள ஒரு மறைவு.

அன்றாடக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் இருந்த காலத்தில் நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் திருச்சபைகள் சனிக்கிழமையே ஆராதித்தன, ஞாயிறு வேலைநாள். ஞாயிறன்று பட்டறையில் உட்கார்ந்து ரப்பர் வெட்டுவதற்கு என் கணவரின் மனம் பழக நெடுநாள் ஆனது. கடிகாரம் இந்திய நேரத்தைவிடப் பதினைந்து நிமிடம் முன்னே ஓடும். நாணய மதிப்பு 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று நிலையாக இருப்பதால் கணக்கு எளிது. ஆனால் பெரிய இந்திய நோட்டுகளை வீட்டில் வைத்திருக்காதீர்கள். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று இந்தியா அறிவித்தபோது, ஊரில் ஒரு சபையார் காணிக்கையாகக் கொடுத்து அனுப்பிய நோட்டுகளை மாற்ற என் கணவர் ஜெயநகரில் மூன்று நாள் வரிசையில் நின்றார். 2018 டிசம்பரில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள இந்திய நோட்டுகளுக்கு நேபாளமே தடை விதித்தது. ஊழியப் பணம் எப்போதும் வங்கி வழியாகவே வரட்டும். இருநாட்டு நிதியாண்டும் வெவ்வேறு மாதங்களில் தொடங்குவதால் கணக்கேட்டை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

2015ஆம் ஆண்டு எங்களைப் புடமிட்டது. ஏப்ரல் 25ஆம் தேதி, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்பு, நாங்கள் சபையில் பாடிக்கொண்டிருந்தபோது தரை அசைந்தது. 7.8 அளவிலான அந்த நிலநடுக்கத்தின் பேரழிவு மலைப்பகுதிகளில்தான். சமவெளியிலிருந்த எங்களுக்குச் சுவர் விரிசல்களோடு போயிற்று. சனிக்கிழமையாதலால் பள்ளிகள் பூட்டியிருந்தன. அதனால் எண்ணற்ற பிள்ளைகள் தப்பினார்கள். மலைநாட்டுச் சபைகள் பலவற்றிலோ அந்த நேரம் ஆராதனை நேரம். சபைக் கட்டடங்கள் இடிந்து விழுந்து விசுவாசிகள் மடிந்தார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்ட நாங்கள், தேவன் எங்களைக் காப்பாற்றினார் என்று ஊருக்கு எழுதவிருந்த கடிதத்தின் வாக்கியங்களை நிறுத்தி நிறுத்தி யோசித்து எழுத வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த, தராய் சமவெளியில் வாழும் மதேசி மக்களின் போராட்டம் தீவிரமாகி, எல்லை வழியே வந்த எரிபொருளும் சமையல் எரிவாயுவும் மருந்தும் பல மாதங்கள் தடைப்பட்டன. ஜனக்பூரில் ஊரடங்கு, துப்பாக்கிச் சத்தம், மூடிய கடைகள். காத்மாண்டில் இந்தியர்மீது கோபம். எங்கள் தெருவிலோ காத்மாண்டின்மீது கோபம். இந்தியர் என்ற முறையில் எங்கள் கருத்தைக் கேட்காதவர் இல்லை. யாரிடமும் எந்தக் கருத்தும் சொல்வதில்லை என்று நானும் கணவரும் உடன்பட்டோம்; அது கோழைத்தனமாக எனக்குத் தோன்றிய நாட்களும் உண்டு, ஆனால் இருதரப்பு நோயாளிகளும் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்த கள்ளப் பெட்ரோலை வாங்குவதில்லை என்றும் தீர்மானித்தோம். அதனால் கிராமங்களுக்கு நடந்தே போனோம், வயலில் காய்ந்த விறகில் சமைத்தோம். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது; பனிமூட்டம் நாள்கணக்கில் விலகாத தராய்க் குளிரில் அவளுக்கு நெஞ்சுச்சளி பிடித்தபோது, விறகும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் எங்கள் பாதப் பராமரிப்புக் குழுப் பெண்கள்.

இனி, சொல்வதற்கு எனக்கு மிகவும் கடினமானது. ஊர்ச் சபைகளுக்கு மாதந்தோறும் நாங்கள் ஜெபக்கடிதம் எழுதினோம். எங்களைத் தாங்கியவர்கள் கைப்பிடி அரிசி எடுத்துவைத்துக் காணிக்கை சேர்க்கும் எளிய மக்கள். அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் அண்ணாச்சிமார் சிலர், 'எத்தனை ஆத்துமாக்கள்?', அதாவது எத்தனை பேர் கிறிஸ்தவர் ஆனார்கள், என்று அன்போடுதான் கேட்பார்கள். நேபாளத்தின் அரசியலமைப்பு மதமாற்றம் செய்விப்பதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறையும் 50,000 ரூபாய்வரை அபராதமும், அயல்நாட்டவராக இருந்தால் தண்டனைக்குப் பின் நாடுகடத்தலும் விதிக்கிறது. அந்நாட்டுத் திருச்சபையைக் கட்டியவர்கள் நேபாளியரே. 1951க்கு முன் அந்நிய மிஷனரிகள் உள்ளே நுழைய இயலாத காலத்தில், டார்ஜீலிங்கில் வாழ்ந்த கங்காபிரசாத் பிரதான் போன்றவர்கள் உழைத்து 1914இல் முழு வேதாகமத்தை நேபாளியில் கொண்டுவந்தார்கள். 2021 கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் 1.76 சதவீதம். அந்தச் சிறு கூட்டத்தின் நடுவே நாங்கள் விருந்தினர். எங்கள் கடிதத்தில் ஒரு எண் மிகையாக இருந்தால் அதற்கு விலை கொடுக்கப்போவது அவர்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் 2017இல் ஒரு தவறு செய்தேன். பாதப் பராமரிப்புக் குழுவில் எல்லாருக்கும் முன்மாதிரியாக இருந்த ஒரு பெண்மணி; நான் அவரைக் காக்கி, அதாவது சித்தி, என்று அழைப்பேன். புண் முழுவதும் ஆறிய மகிழ்ச்சியில் அவர் சிரித்துக்கொண்டு பாதத்தை நீட்டிய படம் ஒன்றை எடுத்து ஜெபக்கடிதத்தோடு அனுப்பினேன். மடங்கிய விரல்கள் தெளிவாகத் தெரிந்த படம். எங்களைத் தாங்கிய சபைகளில் ஒன்று மிஷனரி ஞாயிறுக்கு அதைப் பெரிய பதாகையாக அச்சிட்டது; யாரோ அதைப் படமெடுத்து முகநூலில் இட்டார்கள். காக்கியின் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது திருப்பூரில் பின்னலாடை வேலையில் இருந்தார். அவர் கைப்பேசிக்கு அந்தப் படம் வந்து, அங்கிருந்து ஊருக்குப் போயிற்று. மகளுக்கு நிச்சயமாகியிருந்த திருமணம் நின்றது. தன் நோயை இருபத்திரண்டு மைல் தள்ளி வந்து மறைவாகக் குணமாக்கிக்கொண்ட பெண்ணை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நாங்கள் ஊரறியச் செய்துவிட்டோம்.

மன்னிப்புக் கேட்க நானும் கணவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, 'படம் எடுக்கும்போது என்னிடம் கேட்டாய். யாருக்குக் காட்டப்போகிறாய் என்று சொல்லவில்லையே' என்றார். அன்று அவர் என்னை 'தோ' என்று அழைத்தார். மகளுக்கு இரண்டு ஆண்டு கழித்து வேறிடத்தில் திருமணம் நடந்தது. எங்களை அழைக்கவில்லை, அழைக்காதது நியாயம். அன்றுமுதல் நாங்கள் கடைப்பிடித்தவை இவை: நோயாளியின் முகமோ பெயரோ ஊரோ கடிதத்தில் வராது, செருப்பின் படம் வரும், குளத்தின் படம் வரும், எங்கள் பிள்ளைகளின் படம் வரும். தாங்கும் சபைகளின் பொறுப்பாளர்களுக்குத் தனியே எழுதி, எண்ணிக்கை எதையும் அனுப்ப மாட்டோம் என்று தெரிவித்தோம். இரண்டு சபைகள் காணிக்கையை நிறுத்தின. மற்றவை நிறுத்தவில்லை, ஒரு சபையின் மூதாட்டிகள், பெயர் தெரியாமலே ஜெபிக்க வசதியாக, பட்டறையில் அந்த மாதம் எத்தனை சோடி செருப்பு தைத்தார்கள் என்று மட்டும் எழுதும்படி கேட்டார்கள். அதை எழுதினோம்.

பிள்ளைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தயங்குகிறது. மிஷனரிப் பிள்ளைகளைத் தென்னாட்டில் விடுதிப் பள்ளியில் சேர்ப்பது எங்கள் வட்டத்தில் நெடுநாளைய வழக்கம். நல்லவர்கள் நடத்துகிற பள்ளியில்தான் மகனை ஏழு வயதில் சேர்த்தோம். வாராவாரம் கடிதம் எழுதுவான். எல்லாக் கடிதமும் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று தொடங்கும். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, தண்ணீர் குடிப்பதற்குக்கூட என்னிடம் அனுமதி கேட்டான். அவனைத் திரும்ப அனுப்பவில்லை. அந்த வழக்கம் எல்லாக் குடும்பத்துக்கும் தவறு என்று நான் சொல்லமாட்டேன்; வேறு வழியே இல்லாத பணித்தளங்கள் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் பள்ளி இருந்தது. ஊழியத்துக்காகச் செய்யும் தியாகம் என்று நாங்கள் பெயரிட்டதை உண்மையில் செய்தவன் அந்தக் குழந்தை என்பதை நாங்கள் உணரவில்லை.

ஜனக்பூர்ப் பள்ளியில் அவன் மைதிலியில் விளையாடி, நேபாளியில் எழுதி, ஆங்கிலத்தில் தேர்வெழுதி வளர்ந்தான். தமிழ் வீட்டுப் பேச்சாக மட்டும் இருந்தது. இரவு ஜெபத்தில் வேதாகமத்தைத் தமிழில் ஆளுக்கொரு வசனமாக வாசிக்க வைத்ததால் எழுத்துக்கூட்டவாவது தெரிந்தது. 2023இல் நாங்கள் திரும்பியபோது அவன் ஒன்பதாம் வகுப்பு. தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம் என்பதை நாங்கள் மறந்திருந்தோம். போதாக்குறைக்கு அவன் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி நேபாள அரசு நாட்காட்டியான விக்ரம் ஆண்டில் எழுதப்பட்டிருந்தது. 2009இல் பிறந்த பிள்ளை காகிதத்தில் 2066இல் பிறந்திருந்தான். அதைத் திருத்தி வாங்க மட்டும் கணவர் ஒருமுறை ஜனக்பூருக்குத் திரும்பிச் சென்று வந்தார். அங்கே பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் ஆண்டுதோறும் மதிப்பெண் சான்றிதழை இருவகை ஆண்டும் குறித்து வாங்கி வையுங்கள்; நாள்தோறும் அரைமணி நேரமாவது தமிழ் எழுத வையுங்கள்; ஊர் திரும்புவதாக இருந்தால் எட்டாம் வகுப்புக்குள் திரும்பப் பாருங்கள்.

2020 மார்ச் 24ஆம் தேதி நேபாளம் ஊரடங்கை அறிவித்தது. மறுநாள் இந்தியாவும் அடங்கியது. ஏழு ஆண்டுகளாக இல்லாததுபோல் இருந்த எல்லை ஒரே இரவில் எழுந்து நின்றது. ஆயுதப் போலீசார் இருபுறமும் நிற்க, நூறடி தூரத்தில் அக்கா தங்கைகள் நின்று அழுததைப் பார்த்தோம். அந்தப்புறத்து நோயாளிகளுக்கு மருந்தும் செருப்பும் போகவில்லை. ஒவ்வொருவர் பாதத்தையும் காகிதத்தில் வரைந்து வைத்திருந்ததால் என் கணவர் தைத்துத் தைத்துப் பட்டறையில் அடுக்கிவைத்தார், திறக்கும் நாளுக்காக.

அந்த ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் மாமா, என் கணவரின் தந்தை, காலமானார். விமானம் இல்லை, தரைவழி இல்லை, எல்லைக்கு எதுவும் வேண்டாமே என்று நாங்கள் நால்வரும் கடவுச்சீட்டு எடுத்திருக்கவுமில்லை, தூதரகத்தில் பெயர் பதிவு செய்திருக்கவுமில்லை. கொழுந்தன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அடக்க ஆராதனையைத் திரையில் பார்த்தோம். கல்லறைத் தோட்டத்தில் சமிக்ஞை விட்டுவிட்டு வந்தது. மண் போடும் நேரத்தில் படம் உறைந்துவிட்டது. என் கணவர் எழுந்து பட்டறைக்குப் போய், இரவு பத்து மணிவரை ரப்பர் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூத்த மகனாக அவர் செய்திருக்க வேண்டியவற்றை யார் செய்வது, வீட்டுப் பத்திரத்தில் யார் கையெழுத்திடுவது, அத்தையை யார் வைத்துக்கொள்வது என்று முன்பே பேசியிருந்தால், துக்கத்தோடு அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பும் சேர்ந்திருக்காது. பெற்றோர் நலமாக இருக்கும்போதே இதைப் பேசுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் கடவுச்சீட்டு எடுங்கள். எல்லை திறந்திருக்கிறது என்பது இரு அரசுகள் நமக்குத் தந்திருக்கும் சலுகை. எந்த இரவிலும் அது முடியலாம்.

2022 ஏப்ரலில், 2014இல் நின்றுபோயிருந்த ஜெயநகர் ரயில் அகலப்பாதையாக மீண்டும் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதில்தான் நாங்கள் திரும்பினோம். பட்டறையை என் கணவரிடம் பயின்ற மூன்று பேர் நடத்துகிறார்கள். ஒருவர் முன்பு நோயாளியாக வந்தவர். ஊரில் முதல் ஓராண்டு எனக்கு எதுவும் பிடிபடவில்லை. சபையில் எல்லாரும் எங்களைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். எங்களுக்கோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது. திரும்பி வரும் குடும்பத்துக்குச் சபையார் செய்யக்கூடிய பெரிய உதவி, ஆறு மாதம் அவர்களைக் கடைசி இருக்கையில் விட்டுவைப்பது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தெரியாத நேபாள எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. மண் தரையில் ஊன்றிய ஒரு பாதம். மடங்கிய விரல்களைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. குதிகாலில் காய்ப்பு தடித்திருக்கிறது, தேய்க்கலாமா அல்லது மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்று காக்கியின் குரல் பின்னாலேயே வந்தது. வெடிப்பு இல்லை, இருபது நிமிடம் ஊறவைத்து மெல்லத் தேய்க்கச் சொல்லி, எண்ணெய் பூச மறக்க வேண்டாம் என்றும், சூடு தெரிந்தால் அன்றே போகும்படியும் மைதிலியில் பேசி அனுப்பினேன். கேட்டுக்கொண்டதாகப் பதில் வந்த பிறகு, அந்தப் படத்தை என் கைப்பேசியிலிருந்து அழித்தேன்.